கன்று போட்ட பசுவின் கணக்கு

‘மலடு’ என்ற சொல்லை ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்ல இப்போது பலருக்கு நாக்குக் கூசுகிறது. அந்த மட்டில் க்ஷேமம். மாட்டைப் பற்றிச் சொல்லும்போது அந்தக் கூச்சம் யாருக்கும் கிடையாது. எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் அம்மாள் ஒரு நாள் காலையில் பாலை அளந்துகொண்டே சொன்னாள்: “செவலை மலடு தட்டிப் போச்சும்மா. கன்னு போட்டு ஆறு மாசம் ஆவுது. மூணு தபா ஊசி போட்டாச்சு, சினை நிக்கல்லே. வர்ற விலைக்குத் தள்ளிட வேண்டியதுதான்.”

தள்ளிவிடுவது என்றால் என்னவென்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சந்தையில் அதற்கு ‘அடிமாடு’ என்று பெயர். கறவை மாடாக வாங்கும்போது ஒரு விலை, அடிமாடாக விற்கும்போது வேறு விலை. நடுவிலே விழுகிற பள்ளம் மகளிர் குழுவில் வாங்கின கடனாக அவள் தலையில் நிற்கும். மாடு போய்விடும், தவணை போகாது.

மூன்று கன்று ஈன்ற பசு எப்படித் திடீரென்று மலடாகும்?

கால்நடை வைத்திய நூல்களைப் புரட்டினால் இதற்குப் பதிலாக வாயில் நுழையாத பெயர்களெல்லாம் வருகின்றன. பயப்பட வேண்டாம். மாதக் கடைசி வாரத்தில் குடும்பம் நடத்தத் தெரிந்த எந்தப் பெண்மணிக்கும் இந்த விஷயம் கால் மணி நேரத்தில் விளங்கிவிடும். முழுக்க முழுக்க இது வரவு செலவுச் சமாசாரம்.

முதலில் நாட்கணக்கு. பசுவின் கர்ப்ப காலம் சுமார் 280 நாள். வருஷத்துக்கு ஒரு கன்று வேண்டுமானால், 365-ல் 280 போக மீதி 85. கன்று போட்ட 85 நாளுக்குள் பசு மறுபடி சினையாகிவிட வேண்டும். பதின்மூன்று மாதத்துக்கு ஒரு கன்று போதும் என்று தாராளமாக விட்டாலும் 115 நாள்தான். அதிலும் முதல் 40 நாள் கருப்பைக்கே சரியாகப் போய்விடுகிறது. கன்று வெளிவந்த அன்று ஒன்பது கிலோ அளவுக்கு இருக்கும் கருப்பை, ஒரு மாதத்தில் ஒரு கிலோவாகச் சுருங்கிப் பழைய நிலைக்கு வரவேண்டும். பசு பருவத்துக்கு வருவது 21 நாளைக்கு ஒரு தடவை. ஆகவே, கணக்குப் போட்டுப் பார்த்தால் மொத்தம் இரண்டு மூன்று சந்தர்ப்பங்கள்தான் கிடைக்கின்றன. தவறினால், வற்றின மாட்டுக்கு மாதக்கணக்கில் வைக்கோல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த நாட்களிலேதான் பால் உச்சத்துக்கு ஏறுகிறது. பத்து லிட்டர் கறக்கும் ஒரு கலப்பினப் பசுவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து லிட்டரில் ஏறத்தாழ 400 கிராம் கொழுப்பு இருக்கிறது. 300 கிராமுக்கு மேல் புரதம். கிட்டத்தட்ட அரைக் கிலோ சர்க்கரை. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து மட்டும் 12 கிராம். இவ்வளவும் ஒரே நாளில்! நம் வீட்டு அலமாரியிலிருந்து தினம் அரைக் கிலோ சர்க்கரையும் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய வெண்ணெயும் மாயமாகிக்கொண்டிருந்தால் எத்தனை நாள் தாங்கும்? பசுவோ தின்பது புல்லும் வைக்கோலும். அதில் சர்க்கரை நேராகக் கிடைப்பதில்லை. தீனி வயிற்றில் புளித்து, அதில் உண்டாகும் அமிலத்திலிருந்து ஈரல்தான் சர்க்கரையைத் தயார் செய்து மடிக்கு அனுப்பவேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், பால் ஏறுகிற வேகத்துக்குப் பசி ஏறுவதில்லை. கன்று போட்ட நாலிலிருந்து எட்டு வாரத்துக்குள் பால் உச்சத்துக்குப் போய்விடுகிறது. வயிறு நிறைய முழுத் தீனி எடுக்க அதற்குமேல் ஒரு மாதமாவது பிடிக்கிறது. நடுவில் உள்ள நாட்களில் செலவு அதிகம், வரவு குறைவு. அப்போது குடும்பத்தில் என்ன செய்வோம்? நகையை அடகு வைப்போம். பசுவின் நகை அதன் முதுகிலும் இடுப்பிலும் உள்ள கொழுப்பு. அதைக் கரைத்துப் பாலாக்கிக் கொடுக்கிறது. கன்று போட்ட பசு இளைப்பது இதனால்தான்.

நகையும் கரைந்துகொண்டிருக்கும்போது, தள்ளிப்போடக்கூடிய செலவு எதுவோ அதைத் தள்ளிப்போடுவோம் அல்லவா? பசுவின் உடம்பும் அப்படியே செய்கிறது. உயிர் பிழைக்க வேண்டும்; பிறந்துவிட்ட கன்றுக்குப் பால் வேண்டும். அடுத்த கன்று பிறகு ஆகட்டும்!

இந்தத் தீர்மானத்தைச் செய்வது யார்? இங்கேதான் ஹார்மோன்கள் வருகின்றன. நம் வீடுகளில் சர்க்கரை வியாதி புகுந்த பிறகு இன்சுலின் என்ற பெயரை அறியாதவர்கள் இல்லை. ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள் அனுப்புவது அதன் வேலை. பால் மடி மட்டும் இன்சுலினின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை; தானே எடுத்துக்கொள்ளும். ஆகவே கன்று போட்டதும் பசுவின் உடம்பு இன்சுலினைக் குறைத்துவிடுகிறது. மற்ற அங்கங்கள் பட்டினி. மடிக்கு மாத்திரம் விருந்து. இன்சுலின் குறைந்தால் ஈரலிலிருந்து புறப்படும் இன்னொரு ஹார்மோனும் குறைகிறது. ஐ.ஜி.எஃப்.-1 என்று அதற்குப் பெயர். சினைப்பையில் முட்டை வளர இந்த இரண்டும் வேண்டும்.

மேலிடத்திலும் கை இறுகுகிறது. மூளையின் அடியில் ஹைபோதாலமஸ் என்று ஒரு சின்னஞ்சிறு பகுதி இருக்கிறது. அது பிட்யூட்டரிச் சுரப்பிக்குத் தாக்கீது அனுப்ப, பிட்யூட்டரி எல்.எச். என்ற ஹார்மோனை விட்டு விட்டு ரத்தத்தில் விடுகிறது. ஏறக்குறைய மணிக்கு ஒரு தடவை வந்தால்தான் முட்டை பழுத்து வெளியே வரும். இளைத்த பசுவுக்கு அது பல மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது. இத்தனைக்கும் சினைப்பை தூங்கிவிடவில்லை. கன்று போட்ட பத்து நாளுக்குள்ளேயே முட்டைக் கொப்புளங்கள் வளர ஆரம்பித்துவிடுகின்றன. வளர்ந்து, மேலிருந்து உத்தரவு வராமல் வாடிப்போகின்றன. மறுபடி வளர்கின்றன, மறுபடி வாடுகின்றன. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. “மாடு சும்மா இருக்கு” என்கிறோம்.

ரத்தத்தில் இம்மியிலும் இம்மியாக ஓடும் இந்த வஸ்துக்களை மனிதன் அளந்த கதை நம் சகோதரிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. நியூயார்க்கில் 1921-ல் பிறந்த ரோஸலின் யாலோ என்ற பெண்மணி பௌதிகம் படித்தார். மேலே படிக்க இடம் கிடைப்பது துர்லபம் என்றும், சுருக்கெழுத்துக் கற்றுக்கொண்டு ஒரு விஞ்ஞானியிடம் காரியதரிசியாகச் சேர்ந்தால் பின்வாசல் வழியாகவாவது வகுப்புக்குப் போகலாம் என்றும் யோசனை சொன்னார்கள். அதற்குள் இல்லினாய் சர்வகலாசாலையிலிருந்து அழைப்பு வந்தது. அம்மாள் சுருக்கெழுத்துப் புஸ்தகங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்! பிற்காலத்தில், 1950-களின் கடைசியில், பெர்ஸன் என்ற டாக்டருடன் சேர்ந்து, கதிரியக்கத்தைக் கொண்டு ஹார்மோனை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அவர்கள் முதலில் அளந்தது இன்சுலினைத்தான். அந்த முறைக்கு அவர்கள் காப்புரிமை கூட வாங்கிக்கொள்ளவில்லை.

யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே பரிசில் பங்கு பெற்றவர்கள் கீய்மன், ஷாலி என்ற இருவர். மேலே சொன்னேனே, ஹைபோதாலமஸ் அனுப்பும் தாக்கீது, அதன் அமைப்பை 1971-ல் போட்டி போட்டுக்கொண்டு கண்டவர்கள் அவர்கள். ஒருவர் பன்றிகளின் மூளையையும் மற்றவர் செம்மறியாடுகளின் மூளையையும் லட்சக்கணக்கில் வாங்கிக் கரைத்துத் தேடினார்கள். இன்று நம் ஊர்க் கால்நடை ஆஸ்பத்திரியில் பசுவுக்குப் போடும் ஊசிகளில் ஒன்று அந்தத் தேடலில் பிறந்ததுதான்.

யாலோ அம்மாளின் முறை மாட்டுக் கொட்டிலுக்கும் வந்து சேர்ந்தது. முட்டை வெளிவந்த பிறகு சினைப்பையில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது பாலிலும் கலந்து வருகிறது. ஒரு சொட்டுப் பாலை அளந்தால் மாடு பருவச் சுற்றில் இருக்கிறதா, இல்லையா என்று சொல்லிவிடலாம். அப்படிப் பல தேசங்களில் அளந்து பார்த்ததில் இரண்டு உண்மைகள் வெளியாயின. பருவத்துக்கே வரவில்லை என்று சொந்தக்காரர் சத்தியம் செய்த மாடுகளில் பல ஒழுங்காகப் பருவத்துக்கு வந்துகொண்டிருந்தன. பருவத்துக்கு வந்தது என்று ஊசி போட்ட மாடுகளில் சில அன்றைக்குப் பருவத்திலேயே இல்லை!

காரணம் இல்லாமல் இல்லை. கன்று போட்டபின் வரும் முதல் பருவம் பெரும்பாலும் ஊமைப் பருவம். முட்டை வெளிவரும், மாடு கத்தாது, மற்ற மாட்டின்மேல் தாவாது. மூளைக்கு முதலில் சில நாள் புரோஜெஸ்டிரோன் பழக வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த சுற்றில் அடையாளம் காட்டும். அந்த அடையாளமும் அரை நாள், முக்கால் நாள்தான். வெயில் காலத்தில் இன்னும் குறைவு, அதுவும் நடுராத்திரியில். ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு தடவை, விடியுமுன் ஒரு தடவை கொட்டிலை எட்டிப் பார்த்து, கண்ணாடிபோல் தெளிந்த வழும்பு தொங்குகிறதா என்று கவனிப்பவளுக்குத்தான் அகப்படும். காலையில் கண்டால் அன்று சாயங்காலம், சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை ஊசி போடவேண்டும் என்பது கணக்கு. ஊசி போடுகிறவர் மோட்டார் சைக்கிளில் மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தால் அது பசுவின் குற்றமா?

கன்று ஊட்டும் விஷயமும் ஒன்று உண்டு. குழந்தைக்குப் பால் கொடுக்கும் காலத்தில் தாய்க்கு மாத விலக்குத் தள்ளிப்போகும் என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். பசுவுக்கும் ஏறக்குறைய அதுதான். நாட்டு மாடுகளில் இது நன்றாகத் தெரியும். ஆச்சரியம் என்னவென்றால், பால் வெளியேறுவது அவ்வளவு முக்கியமில்லை. தன் கன்று வந்து முட்டவேண்டும். வேறொரு மாட்டின் கன்றைக் கொண்டுவந்து ஊட்டவிட்டுப் பார்த்தார்கள். அந்தத் தடை விழவில்லை. தன் பிள்ளை என்று கண்ணும் மூக்கும் சொன்னால்தான் மூளை எல்.எச்.சை அடக்குகிறது. இதற்காகக் கன்றைப் பிரித்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கறவை நேரத்தில் மட்டும் ஊட்டவிட்டு மற்ற நேரம் தள்ளிக் கட்டுகிற நம் ஊர் வழக்கம் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவான ஏற்பாடு.

சரி, தீனிக்கு வருவோம். நம்மவர்கள் தவறுகிற இடம் கன்று போட்டபின் அல்ல. அதற்கு முன்னால். பால் வற்றியதும், “கறக்காத மாட்டுக்குத் தவிடு எதற்கு?” என்று தீவனத்தை நிறுத்திவிடுகிறார்கள். கடைசி இரண்டு மாத கர்ப்பத்தில் வெறும் வைக்கோல்! வயிற்றுக் கன்று வேகமாக வளர்வது அந்த இரண்டு மாதத்தில்தான். நெல் வைக்கோலில் நூற்றுக்கு மூன்று நாலு பங்குகூடப் புரதம் தேறுவது கஷ்டம். பசு நகையில்லாமலே பிரசவத்துக்குப் போகிறது. பிறகு அடகு வைக்க என்ன இருக்கும்?

மாட்டின் உடம்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடும் வழக்கம் இருக்கிறது. எலும்பும் தோலுமானால் ஒன்று. கொழுத்துத் திரண்டால் ஐந்து. கன்று போடும் சமயம் மூன்று, மூன்றரை இருப்பது உத்தமம். கைவைத்துப் பார்த்தால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும். தூரத்திலிருந்தே எண்ணும்படி இருக்கக்கூடாது. நாலுக்கு மேல் கொழுக்க வைப்பதும் ஆபத்து. கொழுத்த பசு கன்று போட்டபின் சரியாகத் தின்னாது. கொழுப்பு மளமளவென்று கரைந்து ஈரலில் போய்த் தேங்கிக்கொள்ளும். வற்றின இரண்டு மாதத்தில் பசும்புல்லோடு தினம் ஒன்றரைக் கிலோ அளவுக்குத் தீவனம். கன்று போட்டபின் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, உடம்புக்கு உள்ளது போக, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. இதுதான் பொதுவாகச் சொல்கிற அளவு. திடீரென்று ஒரே நாளில் ஏற்றினால் வயிறு புளித்துப் படுத்துவிடும்.

ஜாக் பிரிட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1992-ல் ஒரு கருத்தைச் சொன்னார். சினைப்பையில் ஒரு முட்டை வளர்ந்து முதிர இரண்டு மூன்று மாதம் பிடிக்கிறது. ஆகவே 80-வது நாளில் வெளிவரும் முட்டை, பசு பட்டினியாக இருந்த முதல் வாரங்களில் வளரத் தொடங்கியது. அந்தப் பட்டினியின் வடு அதில் இருக்கலாம் என்றார். எல்லோரும் இதை முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும், பருவத்துக்கு ஒழுங்காக வந்தும் சினை நிற்காத இளைத்த மாடுகளைப் பார்க்கும்போது எனக்கு அவர் பேச்சு நினைவுக்கு வராமல் போவதில்லை.

வயிறு நிறைந்தால் மட்டும் போதாது என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு கதை நடந்தது. அங்கே ஒரு மேய்ச்சல் நிலத்துக்கு ஆர்மூட்ஸ்விளாக்டே என்று பெயர்; ‘வறுமைச் சமவெளி’ என்று அர்த்தம். அந்தப் பிரதேசத்து மாடுகள் செத்த பிராணிகளின் எலும்பைத் தேடித் தேடிக் கடித்தன. எலும்பில் ஒட்டியிருந்த விஷக் கிருமியால் செத்தன. ஆர்னால்ட் தைலர் என்ற கால்நடை வைத்தியர் 1919 முதல் அங்கே தங்கி ஆராய்ந்தார். மண்ணில் பாஸ்பரஸ் இல்லை, புல்லிலும் இல்லை, அதற்காகத்தான் மாடுகள் எலும்புக்கு அலைகின்றன என்று கண்டார். எலும்புத் தூள் கொடுத்ததும் சாவு நின்றது. அதோடு, கன்று போடும் பசுக்களின் எண்ணிக்கையும் ஏறியது! நம் ஊர் மாடுகளும் துணியையும் எலும்பையும் மென்றுகொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கெட்ட பழக்கம் என்று கம்பால் அடிக்கிறோம். வைக்கோலில் பாஸ்பரஸ் மிகக் குறைவு, தவிட்டில் உண்டு. எலும்புத் தூளுக்குப் பதில் இப்போது தாது உப்புக் கலவை கடைகளிலும் கால்நடை ஆஸ்பத்திரிகளிலும் கிடைக்கிறது. தினம் 50 கிராம், ஒரு சிறங்கை.

ஊசியால் மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவர முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். விஸ்கான்ஸினில் 1995-ல் வகுத்த ஒரு முறைப்படி, இன்னின்ன நாளில் இன்ன ஊசி என்று மூன்று ஊசி போட்டு, அடையாளம் பார்க்காமலே குறித்த நேரத்தில் சினை ஊசி போடலாம். ஊமைப் பருவ மாட்டுக்கு அது நல்ல உபாயம். சதையே இல்லாத மாட்டுக்கு அதே ஊசிகள் அவ்வளவாகப் பலிப்பதில்லை. ஹார்மோன் என்பது வீட்டுக்கு வரும் ஓலை மாதிரி. சமையலறையில் அரிசி இல்லாதபோது விருந்தாளி வருகிறார் என்று ஓலை வந்து என்ன பிரயோஜனம்?

செவலையை அந்த வாரம் சந்தைக்கு ஓட்டவில்லை. கால்நடை மருத்துவர் வந்து கைவிட்டுப் பார்த்துக் கருப்பையில் ஒரு கோளாறும் இல்லை என்றார். வற்றின காலத்தில் என்ன போட்டாய் என்று அவர் கேட்டதற்கு, “வைக்கோல்தாங்க” என்று பதில் வந்தது. பூச்சி மருந்தும் தாது உப்பும் எழுதிக் கொடுத்து, இரண்டு மாதம் பொறுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். அவள் பொறுத்திருக்கிறாள். இரண்டு மாதத் தீவனச் செலவு அவளுக்குச் சின்னத் தொகை அல்ல.

பட்டணத்தில் இருக்கும் நமக்கு இதில் சம்பந்தம் உண்டா என்றால், நாம் மாட்டுக்குப் போடும் புண்ணியத்தில் கொஞ்சம் உண்டு. அமாவாசையன்று கொடுக்கிறோமே அகத்திக்கீரை, அது முதல்தரமான புரதம், தாராளமாகக் கொடுக்கலாம். மிஞ்சின சோற்றையும் பொங்கலையும் வாளி வாளியாகக் கொட்டுவது மட்டும் வேண்டாம். அரிசிச் சோறு மாட்டின் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிறது. கல்யாண வீட்டு மிச்சத்தைத் தின்று செத்த மாடுகள் உண்டு. காய்கறித் தோலைப் பிளாஸ்டிக் பையோடு எறிகிறவர்களைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் பத்திரிகாசிரியர் பக்கத்தைக் குறைத்துவிடுவார்.

எருமையின் சங்கதி இன்னும் வேடிக்கை. அதற்கு ஊமைப் பருவமே வழக்கம். வெயில் வந்தால் பருவமே மறந்துபோகும். அதை இன்னொரு வாரம் பார்க்கலாம்.